நாலாம் படியில் மண்முட்டை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஏழு பேர். நான். என் வீட்டுக்காரர். மாடியில் குடியிருக்கும் மதினி. அவள் மகன். அவள் மருமகள், ஏழாம் மாதம் என்பதால் கீழே இறங்காமல் ஏணியின் உச்சிப் படியில் உட்கார்ந்திருந்தாள். சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, எங்கள் சந்துக் கமிட்டியில் அவர்தான் பெரியவர். அவரோடு வந்த இன்னொரு கமிட்டி ஆள், கடைசிவரை செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தவர். கோழிகளையும் சேர்த்துச் சொல்வதென்றால் அவை ஆறு. ஐந்து வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று பெட்டிக்குள் முட்டையிட உட்கார்ந்து, சாக்குத் திரையின் கிழிசல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு சரியாக எனக்கு ஞாபகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. அன்று நான் கற்பூரத்தின் மேல் பொய்ச் சத்தியம் செய்தேன். யார் யார் காதில் அது விழுந்தது என்று பிறகு எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சந்து தாராவியில் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். மாடிகள் எல்லாம் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பதால் வெயில் தரைவரை இறங்குவதில்லை. மத்தியானத்திலும் பல்பு எரியும். என் வாசலை ஒட்டித்தான் மாடிக்குப் போகிற இரும்பு ஏணி. பல்பு அந்த ஏணியின் நாலாம் படிக்கு நேராகத் தொங்குகிறது. அந்த ஒரு படிதான் நன்றாகத் தெரியும். அதற்குக் கீழே இருட்டு, மேலே அதைவிட இருட்டு.

கோழிகள் நாங்கள் வாங்கியவை அல்ல. பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு குடும்பம் வாஷியில் ஃபிளாட் கிடைத்துப் போனபோது, அங்கே வளர்க்க விடமாட்டார்கள் என்று எங்களிடம் விட்டுப் போனார்கள். நாட்டுக்கோழிகள். விடிந்ததும் கிளம்பி, தோல் பட்டறை முற்றம், ரயில்வே சுவர் ஓரம் என்று சுற்றிவிட்டு, பொழுது சாயும்போது ஏணிக்கடியில் வந்து அடையும். முட்டையை மட்டும் கண்ட இடத்தில் இட்டுவிடும். ஒருநாள் யாருடையதோ ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் கிடந்தது. ஒருநாள் செருப்பு அட்டைப்பெட்டிக்குள். பட்டறையில் மடித்துப் போட்ட சாக்கின் மேல் படுத்துத் தூங்கிய ஒருவர், எழுந்து பார்த்தபோது முதுகு முழுக்க மஞ்சள்கரு. எனக்குச் சும்மாவே கேஸ் மூடினோமா பூட்டினோமா என்று நாலு தடவை எழுந்து பார்க்கிற புத்தி. யாராவது முட்டையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தால் போலீஸ் யார் வீட்டுக்கு வரும் என்று யோசித்து யோசித்துச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் பெட்டி வைத்துப் பழக்கலாம் என்று ஆரம்பித்தேன்.

மாட்டுங்காவில் பழக்கடைக்காரரிடம் மூன்று ஆப்பிள் பெட்டி வாங்கி வந்தேன். ஏணிக்கடியில் செங்கல் ஒன்றின் உயரத்தில் அவற்றை வைத்தேன். கோழி தூங்குகிற கம்பைவிடப் பெட்டி தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதிலேயே ஏறித் தூங்கி நாசம் பண்ணும். உள்ளே மரச்சீவல் நிரப்பினேன். முன்னால் சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டேன், கோழிக்கு முட்டையிட இருட்டும் ஒதுக்கமும் வேண்டும். காலையில் திறந்துவிடாமல் பதினொரு மணிவரை ஏணிக்கடியிலேயே வலைபோட்டு அடைத்து வைத்தேன். அதற்குள் பெரும்பாலும் முட்டை வந்துவிடும். போக வேறு இடம் இல்லையென்றால் பெட்டியைத் தேடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு முட்டை கிடக்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் இங்கே இடலாம் என்று கோழிக்குத் தோன்றும். நிஜ முட்டை வைத்தால் அழுகும், எலி தின்னும். கும்பார்வாடாவில் விளக்கு செய்கிற குயவரிடம் போய் மண்ணில் முட்டை செய்து தரக் கேட்டேன். சிரித்தார். கெட்டியாகச் செய்தால் சூளையில் வெடிக்கும், உள்ளே பொள்ளலாகத்தான் செய்ய முடியும் என்றார். நாலு செய்து, சுண்ணாம்பு பூசிக் கொடுத்தார். குலுக்கினால் ஒவ்வொன்றிலும் ஏதோ சின்னதாக உருண்டது. உள்ளே உதிர்ந்த மண்துணுக்கு, ஒன்றும் செய்யாது என்றார்.

மூன்றைப் பெட்டிக்கு ஒன்றாக வைத்தேன். ஒன்றை அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன். என் வீட்டுக்காரர் ஆம்லெட்டுக்கு எடுத்து உடைத்துவிடக்கூடாது என்று நாலிலும் கரித்துண்டால் பெருக்கல் குறி போட்டேன். எங்கள் பக்கம் அடை வைக்கும்போது அப்படித்தான் குறி போடுவார்கள். அதோடு விட்டிருக்கலாம். மழைக்காலம் வேறு. இடி சத்தத்துக்கு முட்டை கெட்டுப்போகக்கூடாது என்று அடைப்பெட்டியில் ஓர் இரும்பாணியும் காய்ந்த மிளகாயும் போடுகிற வழக்கம் உண்டு. குஞ்சு பொரிக்க வைக்கிற பெட்டிக்குத்தான் அது. முட்டையிட வைக்கிற பெட்டிக்கு, அதுவும் மண்முட்டைக்கு, எந்த இடி என்ன செய்யப்போகிறது? ஆனாலும் போட்டேன். போடாமல் இருந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான். கரிக்குறி, ஆணி, மிளகாய், இருட்டு, சாக்கு. மூன்று பெட்டியையும் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"கோழிக்குப் பள்ளிக்கூடம் வச்சிருக்கா இவ," என்றார் வீட்டுக்காரர். "நீ ஆறாங்கிளாஸ் தாண்டல. அதுங்க தாண்டிரும் போல."

முதல் ஒன்பது நாள் ஒன்றும் தாண்டவில்லை. கறுப்புக் கோழி முட்டையை அடக்கிக்கொண்டு பதினொரு மணிவரை நின்றே இருக்கும். சத்தமே போடாது. கண் மட்டும் மூடித் திறக்கும். பத்தாம் நாள் வெள்ளைக் கழுத்துக்காரி திரையை விலக்கி உள்ளே போனாள். மரச்சீவலைக் காலால் கிளறினாள். மண்முட்டையை அலகால் உருட்டி, தன் நெஞ்சுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே அந்தத் துணுக்கு உருளும் சத்தம் எனக்கு வெளியில் கேட்டது. அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் பழகின.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மதினியின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. ஏணியின் நாலாம் படியில், பல்பு வெளிச்சத்தில், பெருக்கல் குறி போட்ட முட்டை ஒன்று இருந்தது.

அது என் முட்டை என்று பார்த்தவுடன் தெரிந்தது. நடுப்பெட்டியில் இருந்ததைச் சற்று முன் பார்த்தபோது காணவில்லை, பெருச்சாளி உருட்டிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். கோழி ஏணி ஏறாது. பெருச்சாளி நாலு படி முட்டையைத் தூக்காது. வாயைத் திறந்து, மதினி, அது என்னுதுதான் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அதற்குள் அவள், "என் மருமவ வயித்துல கை வைக்கப் பாக்குதாளுவ," என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு கலைந்துபோயிருந்தன. இந்தத் தடவைக்காக மதினி ஊர்க்கோயிலுக்கு நேர்ந்து, பிரசவம் வரைக்கும் வீட்டில் மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது என்று அடுப்பையே கழுவி வைத்திருந்தாள். அந்த வார்த்தைக்குப் பிறகு, என்னுது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் ஆனபோது, மத்தியானமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று இருந்தது. மதினி அதை இடுக்கியால் எடுத்து, பேப்பரில் சுற்றி, கடலுக்குப் போகும் பெரிய வாய்க்காலில் மகனைப் போடச் சொன்னாள்.

மீதி இரண்டிலும் இருந்த குறியை அழித்துப் பார்த்தேன். சுண்ணாம்பில் கரி ஊறிவிட்டது, போகவில்லை. எடுத்துவிடலாமென்றால் கோழிகள் இப்போதுதான் பழகியிருந்தன. எடுத்தால் மறுபடி ஸ்கூட்டருக்கும் செருப்புப் பெட்டிக்கும் போகும். ஆணியையும் மிளகாயையும் மட்டும் எடுத்துவிட்டு, முட்டைகளை விட்டுவிட்டேன்.

எட்டு நாள் கழித்து இரண்டாவது வந்தது, அதே படியில், அதுவும் வாய்க்காலுக்குப் போனது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. இந்தத் தடவை மதினி கத்தவில்லை. முட்டையைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். என்னைக் கூப்பிட்டு என் காதோரமும் வைத்தாள்.

"கேளு. உள்ள இருக்கு."

எனக்குத் தெரியும் அது மண் என்று. ஆனாலும் கேட்கும்போது மயிர்க்கூச்செறிந்தது. யார் எடுக்கிறார்கள், எதற்கு அங்கேயே வைக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாதே. அதையும் வாய்க்காலில் போட்ட அன்றைக்குச் சாயங்காலம் மருமகளுக்கு லேசாக உதிரம் பட்டது. ஆட்டோவில் முனிசிபல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ரத்தம் குறைவு என்று சொல்லி மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அவள் வரும்வரை நான் சோறு வடிக்கவில்லை. மதினி நேராக அண்ணாச்சி கடைக்குப் போனாள். கோழி வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும், இல்லையென்றால் கோழிகளோடு நானும் சந்திலிருந்தே போக வேண்டும் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். விளக்கைப் போடாமல் வாசலுக்குள் உட்கார்ந்திருந்தேன். கைப்பைக்குக் கைப்பிடி தைக்கிற வேலை மடியில் கிடந்தது, ஊசி போடவில்லை. பெருச்சாளியோ பேயோ, எது வருகிறது என்று பார்த்துவிடுவது என்று இருந்தேன். மாடியில் மதினி தூங்குகிற நேரம். மேலே ஒரு படி கிறீச்சென்றது. பிறகு இன்னொன்று. யாரோ ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார்கள். பல்பு வெளிச்சத்தில் முதலில் ஒரு பாதம், பிறகு நைட்டியின் விளிம்பு, பிறகு வயிறு. அப்புறம் இருட்டுக்குள் போய்விட்டாள். சாக்குத் திரை விலகியது. உள்ளே இருந்த கோழி முனகியதே தவிரக் கத்தவில்லை. அதற்கு அந்தக் கை பழக்கமாகியிருந்தது.

வெளியே போய் மருமகள் கையைப் பிடித்தேன். கையில் வெதுவெதுப்பாக ஒரு நிஜ முட்டை இருந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் மாடியில் முழித்துக்கொள்வார்கள். உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு சொன்னாள்.

டாக்டரம்மா தினம் இரண்டு முட்டை சாப்பிடச் சொல்லி எழுதியே கொடுத்திருக்கிறாள். அத்தையின் விரதத்தில் அதைக் காட்ட முடியவில்லை. புருஷனிடம் சொன்னாள், அம்மாவைக் கேட்டுக்கோ என்றான். அதனால் மத்தியானம் இறங்கி, இருட்டில் கைவிட்டு எடுத்து, புடவைப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பச்சையாகவே குடித்திருக்கிறாள். மூன்று தடவை கையில் வந்தது வேறு. நாலாம் படி ஏறும்போது வெளிச்சத்தில் கறுப்புக் குறி தெரிந்தது. கை ஆடியதில் உள்ளே ஏதோ உருண்டது. அப்படியே படியில் வைத்துவிட்டு மேலே ஓடியிருக்கிறாள்.

"சித்தி," என்றாள். "அது எனக்கு வச்சதா?"

அவ்வளவு நாளும் அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். தனக்குச் செய்வினை வைத்தவள் நான் என்று நினைத்துக்கொண்டே, என் பெட்டிக்குள் கைவிட்டு என் முட்டையைக் குடித்திருக்கிறாள்.

"ஏட்டி, பைத்தியமா உனக்கு. கோழிக்கு வச்சதுட்டி அது," என்று சொல்லி, அரிசி டப்பாவில் இருந்த நாலாவதை எடுத்து அவள் கையில் வைத்தேன். குலுக்கிப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள், மறுபடி டப்பாவில் போட்டேன். பிறகு முட்டையைவிட அவசரமாக ஒன்று சொன்னாள்.

"அத்தைட்ட சொல்லிராதீங்க. நேர்த்திய நான்தான் முறிச்சேன்னு தெரிஞ்சா, இதுக்கு எது ஆனாலும் என் தலையிலதான் வரும்."

சொல்லமாட்டேன் என்றேன். தினம் இதே நேரத்துக்கு ஒன்றை அவித்து ஏணிக்கடியில் மூடி வைக்கிறேன், எடுத்துக்கோ, காசு வேண்டாம் என்றேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இதுவரை எடுத்தது ஒன்பது, அதையும் சேர்த்து எழுதி வையுங்கள் என்றாள்.

"திருடுனதா இருக்கக்கூடாது சித்தி. கடனா இருக்கட்டும்."

மறுநாள்தான் ஞாயிற்றுக்கிழமை. என் வாசலில் தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றினார்கள். நான் வைக்கவில்லை என்று சொல்லி அணைத்துவிடலாம் என்று இரவெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அது உண்மை. அதற்குப் பயமில்லை. கையை நீட்டும்போது அண்ணாச்சி நிறுத்தினார்.

"சத்தியம்னா முழுசாப் பண்ணணும்மா. நான் வைக்கல, வச்சது யாருன்னும் எனக்குத் தெரியாது. ரெண்டையும் சொல்லு."

ஏணி உச்சியைப் பார்த்தேன். அங்கே முகம் தெரியவில்லை. வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்த இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. சொல்லாவிட்டால் யார் என்று கேட்பார்கள். சொன்னால் பொய். பொய்ச் சத்தியம் யாருக்காகச் செய்கிறோமோ அவர்களைத்தான் பிடிக்கும் என்று எங்கோ கேட்டது, அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. எனக்காகச் செய்தால் என்னைப் பிடிக்கட்டும். இது அவளுக்காக. அவளுக்காக என்றால் உள்ளே இருப்பதற்காக.

"நான் வைக்கல. வச்சது யாருன்னும் எனக்குத் தெரியாது," என்று சொல்லி உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தேன். சுட்டது அப்போது தெரியவில்லை. பெட்டிக்குள் இருந்த கோழி அந்த நேரத்துக்கு முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி, சரி, முடிஞ்சது, போங்க என்றார்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் எனக்குக் கீழே கேட்டது. தினம் முட்டை அவித்து வைத்தேன், காலிக் கிண்ணம் திரும்பி வந்தது, அதுதான் நிம்மதி. காலண்டர் தாளின் பின்னால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். இருபத்திரண்டு கோடு ஆனபோது வளைகாப்பு செய்து, தாணேயில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது யாருக்கும் தெரியாமல் இருநூறு ரூபாயை என் கையில் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போன பத்தாம் நாள், மதினி மாடியிலிருந்து மெதுவாக என்னைக் கூப்பிட்டாள். போனேன். நாலாம் படியில் வெள்ளையாக ஒன்று இருந்தது. மேலே பெருக்கல் குறி.

"நீ சத்தியம் பண்ணிட்ட. உன்னைச் சொல்லல," என்றாள். அவள் உதடு காய்ந்திருந்தது. "அப்ப இது வேற."

அதை நான்தான் கையில் எடுத்தேன். குளிர்ந்திருந்தது. குலுக்கினேன். உருண்டது. அதை மறுபடி படியிலேயே வைத்துவிட்டு, வீட்டுக்குள் வந்து அரிசி டப்பாவில் கையை விட்டேன். அடியில், நான் போட்ட இடத்தில், நாலாவது முட்டை இருந்தது.

அன்றைக்கே கும்பார்வாடாவுக்கு நடந்தேன். குயவர் நாலுதான் செய்தேன், கணக்கு எனக்குத் தெரியாதா என்றார். தாணேக்குப் போன் பண்ணி, எத்தனை வைத்தாய் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். மூன்று சித்தி, ஏன் என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். யாராவது விளையாடியிருப்பாங்க, உன் மூஞ்சியப் பாத்தா எவனுக்கும் விளையாடத் தோணும் என்றார். இருக்கலாம். என் பெட்டியைப் பார்த்து வேறு யாராவது கும்பார்வாடாவில் செய்து வாங்கியிருக்கலாம். அப்படி யாரும் வரவில்லை என்று குயவர் சொன்னதை மட்டும் நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மதினி அந்த முட்டையையும் வாய்க்காலுக்கே அனுப்பினாள். இந்தத் தடவை தானே கூடப் போனாள்.

கோழிகள் இப்போது பெட்டியைத் தவிர வேறெங்கும் இடுவதில்லை. மண்முட்டையும் தேவையில்லை, வலையும் தேவையில்லை. எங்கே மேய்ந்தாலும் நேரத்துக்கு வந்து, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போகின்றன. நடுப்பெட்டிக்குள் போகிற கோழி மட்டும் மற்றதைப்போல வாசலைப் பார்த்து உட்காராது. பின்பக்கத்துப் பலகையைப் பார்த்து உட்காரும். எந்தக் கோழி போனாலும் அப்படித்தான்.

தாணேயில் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். இரண்டரைக் கிலோ, தாயும் சேயும் சுகம் என்று மதினி சந்து முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டேன், இனிப்பு தெரியவில்லை. சுகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லையே. கை கால் அசைக்கிறதா, சத்தத்துக்குத் திரும்புகிறதா, குலுக்கிக் கேட்கிற பொருளா அது. மகனும் மருமகளும் இப்போது அங்கேயே பக்கத்தில் வீடு பார்த்துவிட்டார்கள். மதினியும் மாடியைப் பூட்டிவிட்டு அங்கே போய்விட்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேலே கிறீச்சென்று கேட்டால், அது இரும்பு சூட்டில் விரிகிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் மருமகளே போன் பண்ணினாள். பின்னால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, அல்லது டிவியாகவும் இருக்கலாம்.

"சித்தி, என் கணக்கு எவ்வளவு? இப்பவே போன்ல அனுப்பிருதேன்."

காலண்டர் தாளை எடுத்தேன். எடுத்தது ஒன்பது, அவித்து வைத்தது இருபத்திரண்டு, ஆக முப்பத்தொன்று. ஒன்று பதினைந்து ரூபாய். கொடுத்தது இருநூறு. கூட்டிக் கழித்துச் சொன்னேன். அனுப்பாதே என்றும் சொன்னேன்.

"போன்ல வேண்டாம்ட்டி. பிள்ளையத் தூக்கிட்டு வந்து கையில கொடு. எனக்குப் பாக்கணும்."

வாரேன் சித்தி என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. பாக்கி இருநூற்று அறுபத்தைந்து ரூபாய்.